டிஎஸ்எல்ஆருக்கு வேறு கம்பெனி டெலி ஜூம் வாங்குவது எப்படி: பாடியில் தொடங்கி ஃபோகஸ் திருத்தம் வரை

கேனானோ நிக்கானோ ஒரு டிஎஸ்எல்ஆர் கையில் இருக்கிறது. அதோடு வந்த 18-55 மி.மீ லென்ஸ் போதவில்லை. கேமரா கம்பெனியின் சொந்தப் பெரிய லென்ஸ்களின் விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி ஜூமுக்காக சிக்மா, டேம்ரான் என்று வேறு கம்பெனிகளைத் தேட ஆரம்பித்திருக்கிறீர்கள். இந்த வழிகாட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என்னிடம் வரும் முதல் கேள்வி எப்போதும் ‘எந்த மாடல் நல்லது?’ என்பதுதான். அதற்கு முன்னால் நான்கு கேள்விகள் இருக்கின்றன: எந்த பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு எடை. இந்த நான்குக்கும் பதில் தெரிந்துவிட்டால் மாடல் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். மாடலில் தொடங்குகிறவர்கள் நல்ல லென்ஸை வாங்கிவிட்டு, அது தங்கள் கேமராவில் ஃபோகஸ் ஆகவில்லை என்று திரும்பி வருகிறார்கள்.

உதாரணங்களுக்குப் பறவைப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். இந்த லென்ஸ்களை வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். தவிர, ஒரு லென்ஸின் எல்லாக் குறைகளும் பறவைப் படத்தில் சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் கேமரா, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, காலி மெமரி கார்டு, ஒரு டார்ச், ஒரு நாளிதழ், முடிந்தால் ஒரு ட்ரைபாட். கடைக்கோ விற்பவர் வீட்டுக்கோ போகும் நாளில் இவையெல்லாம் கூடவே வர வேண்டும். கடைக்காரர் தன் கேமராவில் மாட்டிக் காட்டினால் அது அவருடைய கேமராவில் வேலை செய்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, இப்போது உங்களிடம் இருக்கும் லென்ஸில் எடுத்த படங்களில் ‘இன்னும் கிட்டே வந்திருக்கலாம்’ என்று தோன்றிய பத்துப் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். 3-ஆம் படியில் தேவைப்படும்.

2. பாடி என்ன சொல்கிறது?

கேனான் இஎஃப் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வளையம்) ஃபோகஸ் மோட்டார் எப்போதும் லென்ஸுக்குள்தான் இருக்கும். அதனால் கேனான்காரர்களுக்கு இந்தப் படி பாதி சுலபம்.

நிக்கான்காரர்கள்தான் இங்கே நிதானிக்க வேண்டும். டி40, டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரை உள்ள பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸில் இருந்தாக வேண்டும். பழைய டேம்ரான், சிக்மா லென்ஸ்கள் பல பாடியின் மோட்டாரை நம்பிச் செய்யப்பட்டவை. அவற்றை டி5600-இல் மாட்டினால் படம் எடுக்கலாம், ஆனால் ஃபோகஸ் கையால்தான். டி90, டி7000 வரிசை, டி500, டி750 போன்றவற்றில் பாடிக்குள்ளேயே மோட்டார் உண்டு. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி: லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தில் ஸ்க்ரூ தலையில் இருப்பது போல ஒரு சிறு பிளவு தெரிந்தால், அது பாடியின் மோட்டாரை எதிர்பார்க்கும் லென்ஸ்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய தலைமுறை டேம்ரான்களில் (70-200 ஜி2, 100-400, 150-600 ஜி2) நிக்கானுக்கு வருபவை அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) மின்காந்தத்தால் இயக்குபவை. டி80, டி90, டி3000 போன்ற பழைய பாடிகளுக்கு அந்தக் கட்டளையைக் கொடுக்கத் தெரியாது. அதாவது பழைய பாடிக்குப் புதிய லென்ஸும் ஆகாமல் போகலாம், புதிய பாடிக்குப் பழைய லென்ஸும் ஆகாமல் போகலாம்.

கேனானில் கவனிக்க வேண்டியது ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள். மாட்டும், ஃபோகஸும் ஆகும். அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூடிப் படமெடுத்ததும் ‘எர்ர் 01’ அல்லது ‘எர்ர் 99’ என்று திரையில் வரும். முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில் மட்டும் சோதித்து வாங்கியவர்கள் இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்ப்பார்கள்.

கடைசியாக, உங்கள் பாடியின் மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் (ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுவதைச் சரிசெய்யும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் 1500டி, 200டி, 60டி ஆகியவற்றில் இல்லை. 7டி, 70டி, 80டி, 5டி மார்க் 2 முதலியவற்றில் உண்டு. நிக்கானில் டி3000, டி5000 வரிசைகளில் இல்லை; டி7000 முதல் மேலே உண்டு. இல்லாதவர்கள் 8-ஆம் படியை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும், ஏனென்றால் பின்னால் சரிசெய்துகொள்ளும் வசதி அவர்களுக்குக் குறைவு.

3. எதை, எவ்வளவு தூரத்திலிருந்து?

300 போதுமா, 600 வேண்டுமா என்ற விவாதம் ஒரு சின்னக் கணக்கில் முடிந்துவிடும். பறவையின் அளவைச் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை லென்ஸின் ஃபோகல் நீளத்தால் (300, 600 என்ற மி.மீ எண்) பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்து, மறுபடி 100-ஆல் வகுங்கள். வருகிற விடைதான் சென்சார் மேல் விழும் பறவை எத்தனை மில்லிமீட்டர் என்பது. கிராப் சென்சாரின் (பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சிறிய சென்சார்) உயரம் ஏறக்குறைய 15 மி.மீ.

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள், 60 மீட்டர் தள்ளி மரத்தில் சங்குவளை நாரை என்று வைத்துக்கொள்வோம். நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். 300 மி.மீ லென்ஸில் 100 × 300 ÷ 60 ÷ 100, அதாவது 5 மி.மீ. படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. 600-இல் 10 மி.மீ, மூன்றில் இரண்டு பங்கு. நாரைக்கு 300 ஒப்பேற்றிவிடும். மரமும் கூடும் சேர்ந்து வருவதால் சில சமயம் படம் அதில்தான் அழகாக இருக்கும்.

இப்போது அதே கரையோரக் கம்பியில் 15 மீட்டரில் வெண்தொண்டை மீன்கொத்தி. 28 செ.மீ. 300-இல் 5.6 மி.மீ, 400-இல் ஏழரை, 600-இல் 11.2. இங்கே 400-க்கே பாதிப் படம் நிறைந்துவிடுகிறது. 20 மீட்டரில் 15 செ.மீ சிட்டு என்றால் 300-இல் இரண்டேகால் மி.மீ, 600-இலேயே நாலரைதான். சின்னப் பறவைக்கு எந்த லென்ஸும் நடந்து கிட்டே போவதற்கு ஈடாகாது.

24 மெகாபிக்சல் கிராப் கேமராவில் சென்சாரின் ஒரு மி.மீ உயரத்துக்குச் சுமார் 268 பிக்சல். 5 மி.மீ பறவை என்றால் 1340 பிக்சல். ஃபோனில் பார்க்க, ஆல்பத்தில் சின்னதாகப் போட தாராளம். சுவரில் பெரிதாக மாட்டப் போதாது. எடுத்து வைத்த பத்துப் படங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூரம் தெரியாவிட்டால் கூகுள் மேப்பில் கரையிலிருந்து மரம் வரை அளந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ‘கிராப் கேமராவில் 1.6-ஆல் பெருக்கணும், 300 லென்ஸ் 480 ஆகிடும்’ என்பார்கள். லென்ஸ் எங்கேயும் நீளாது. சென்சார் சிறியதாக இருப்பதால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெருக்கல் 55-250-க்கும் பொருந்தும், 150-600-க்கும் பொருந்தும். விற்பவர் ‘இது உங்க கேமராவில் 960 சார்’ என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

4. 300 வரை என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

கணக்கில் 250, 300 போதும் என்று வந்தவர்கள் வேறு கம்பெனி லென்ஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கேனானின் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் 375 கிராம். நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர் 415 கிராம். இரண்டும் விலைக்கு நியாயமானவை, ஃபோகஸ் அமைதியாக விழும், மோட்டார் பொருந்துமா என்ற கவலையும் குறைவு. (நிக்கானில் டி90, டி3000 போன்ற பழைய பாடிகளில் மட்டும் ஏஎஃப்-பி வேலை செய்யாது. ‘விஆர்’ என்ற எழுத்து இல்லாத ஒரு மலிவு 70-300-உம் உண்டு, அது வேண்டாம்.)

வேறு கம்பெனிகளின் உண்மையான பலம் 300-ஐத் தாண்டிய பிறகுதான். அங்கே கேமரா கம்பெனிகளின் லென்ஸ்கள் சட்டென்று விலை ஏறிவிடுகின்றன. சிக்மாவும் டேம்ரானும் நடுவில் இடம் பிடித்தது அப்படித்தான். இன்னொரு இடம் 70-200 எஃப்/2.8 (எஃப் எண் சிறியதாக இருந்தால் அதிக வெளிச்சம் உள்ளே வரும்). மேடை, கல்யாணம், உள்ளரங்க விளையாட்டு எடுப்பவர்களுக்கு அது.

5. வெளிச்சக் கணக்கு

வெளிச்சம் பாதியாகக் குறைவதுதான் ஒரு ஸ்டாப். எஃப்/2.8-இலிருந்து எஃப்/5.6 இரண்டு ஸ்டாப் குறைவு. எஃப்/6.3 இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவு. எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 800 போதும் என்ற வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு எஃப்/5.6-இல் 3200 வேண்டும், எஃப்/6.3-இல் 4000.

பறக்கும் பறவைக்கு 1/2000 வேண்டும், உட்கார்ந்திருப்பதற்கு 1/500 ஆவது வேண்டும். நாரைகள் கூட்டுக்குத் திரும்பும் சாயங்கால நேரத்தில் எஃப்/6.3 லென்ஸோடு நின்றால் ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கும் என்று வாங்கும் முன்பே ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். இப்போதுள்ள லென்ஸிலேயே எஃப்/6.3, 1/1000 என்று வைத்து, மாலை ஐந்தரைக்கு ஒரு மரத்தை எடுத்து, வரும் ஐஎஸ்ஓ இரைச்சல் உங்களுக்குச் சகிக்கிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

நடுக்கத் தடுப்பு இருந்தால் மெதுவான ஷட்டரில் எடுக்கலாமே என்று கேட்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறவையின் அசைவைத் தடுக்காது.

சாதாரண டிஎஸ்எல்ஆர்களின் ஃபோகஸ் புள்ளிகள் எஃப்/5.6 வரை வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை. எஃப்/6.3 லென்ஸ்கள் அவற்றில் ஃபோகஸ் ஆகத்தான் செய்கின்றன, ஆனால் வெளிச்சம் குறைந்தால் ஓரப் புள்ளிகள் தடுமாறும். நடுப் புள்ளியை நம்புங்கள். இதன் மேல் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (ஃபோகல் நீளத்தைக் கூட்ட நடுவில் மாட்டும் கண்ணாடி) போட்டால் எஃப்/9 ஆகிவிடும். பெரும்பாலான பாடிகளில் ஃபோகஸ் அலைந்துகொண்டே இருக்கும். காசை மிச்சம் பிடியுங்கள்.

6. எடை: தூக்கிப் பார்த்துத்தான் முடிவு

600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. முன்கண்ணாடி குறைந்தது அந்த அளவு இருந்தாக வேண்டும். அதனால்தான் 150-600 லென்ஸ்களின் ஃபில்டர் அளவு 95 மி.மீ அல்லது அதற்கும் மேல். 400-ஐ 6.3-ஆல் வகுத்தால் 63.5, 100-400 லென்ஸ்களுக்கு 67 மி.மீ ஃபில்டர். எடை இந்தக் கண்ணாடியில் வருகிறது. எந்தக் கம்பெனியாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

சிக்மா 100-400 1160 கிராம். டேம்ரான் 100-400 அதே அளவுதான், சற்றுக் குறைவு. சிக்மா 150-600 கன்டெம்பரரி 1930 கிராம், அதே எண்ணுள்ள ஸ்போர்ட் 2860 கிராம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்போர்ட்டை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கையில் பிடித்துப் பத்து நிமிடம் தாங்காது.

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண் உயரத்துக்கு நீட்டிப் பிடித்து ஒரு நிமிடம் நில்லுங்கள். வேர்க்கிறதா? அப்படியானால் 100-400 பக்கம் வாருங்கள். கையில் எடுத்துப் போகிற 400, வீட்டு அலமாரியில் தூங்கும் 600-ஐவிட அதிகப் படம் தரும்.

கேனான் 3000டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: அந்த பாடியின் மவுண்ட் பிளாஸ்டிக். பெரிய லென்ஸை மாட்டிவிட்டுப் பாடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. லென்ஸின் கால் வளையத்தை (ட்ரைபாடில் பொருத்தும் வளையம்) பிடியுங்கள், பாடி அதில் தொங்கட்டும். மற்ற பாடிகளுக்கும் இதே பழக்கம் நல்லதுதான்.

7. எழுத்துகளைப் படித்து மாடலைச் சுருக்குவது

பெட்டியில் ஃபோகல் நீளத்துக்குப் பிறகு வரும் எழுத்துகளில்தான் எல்லாம் இருக்கிறது.

டேம்ரானில் ‘டிஐ’ என்றால் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்), கிராப் இரண்டுக்கும் ஆகும். ‘டிஐ 2’ கிராப் கேமராவுக்கு மட்டும். ‘டிஐ 3’ மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே மிரர் இல்லாத புதிய வகைக் கேமரா); உங்கள் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. சிக்மாவில் ‘டிஜி’ ஃபுல் ஃப்ரேம், ‘டிசி’ கிராப். ‘டிஎன்’ என்ற எழுத்து சேர்ந்திருந்தால் மிரர்லெஸ், விட்டுவிடுங்கள். இரண்டு கம்பெனிகளின் கவனமும் இப்போது மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், ஆன்லைனில் முதலில் கண்ணில் படுவது இந்த மாட்டாத வகைதான்.

நடுக்கத் தடுப்பு டேம்ரானில் ‘விசி’, சிக்மாவில் ‘ஓஎஸ்’. லென்ஸுக்குள் இருக்கும் வேக மோட்டார் டேம்ரானில் ‘யூஎஸ்டி’, சிக்மாவில் ‘எச்எஸ்எம்’.

இங்கே ஒரு ஜோடியைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். டேம்ரானில் 70-300 எஃப்/4-5.6 என்ற பெயரில் இரண்டு லென்ஸ்கள். ஒன்றில் ‘டிஐ எல்டி மேக்ரோ 1:2’ என்று எழுதியிருக்கும், மாடல் ஏ17. நடுக்கத் தடுப்பு இல்லை, ஃபோகஸ் சத்தமாகவும் மெதுவாகவும் இருக்கும். இன்னொன்றில் ‘எஸ்பி டிஐ விசி யூஎஸ்டி’, மாடல் ஏ005, 765 கிராம், நடுக்கத் தடுப்பு உண்டு. எண்கள் அச்சு அசலாக ஒன்றேதான். விலை மட்டும் தூரத்தில் இருக்கும். ‘மேக்ரோ’ என்ற வார்த்தை கூடுதலாக இருப்பதால் முதலாவதுதான் உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த மேக்ரோ, பூச்சியைக் கிட்டே எடுக்க உதவும். 300-இல் பறவைக்கு உதவாது.

இதே ஏ005 சோனியின் பழைய ஏ மவுண்டுக்கு விசி இல்லாமல் வந்தது, சோனி பாடிக்குள்ளேயே அந்த வசதி இருந்ததால். ஆகவே மாடல் எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல் எந்த மவுண்டுக்கானது என்றும் பாருங்கள்.

சரி, இப்போது பெயர்கள். என் சுருக்கப் பட்டியல் இது.

நடந்து திரிந்து எடுப்பவர்களுக்கு சிக்மா அல்லது டேம்ரான் 100-400, இரண்டும் 2017-இல் வந்தவை. தர வித்தியாசம் சிறிது. டேம்ரானுக்கு ட்ரைபாட் கால் வளையம் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், சிக்மாவுக்கு அந்த வசதி இல்லை. ட்ரைபாட் உபயோகிப்பீர்கள் என்றால் டேம்ரான். இல்லையென்றால் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அது.

ஓரிடத்தில் நின்று தூரத்தை எடுப்பவர்களுக்கு சிக்மா 150-600 கன்டெம்பரரி அல்லது டேம்ரான் 150-600 ஜி2. டேம்ரானின் முதல் 150-600 (ஏ011) மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதைக் கணினியில் இணைத்துத் திருத்தும் வசதி கிடையாது. நிக்கான்காரர்கள் இதே வரிசையில் நிக்கானின் சொந்த 200-500 எஃப்/5.6-ஐயும் வைத்து ஒப்பிடட்டும், 500-இலும் 5.6 என்பது சின்ன விஷயமில்லை. எடை கால் வளையத்தோடு 2300 கிராம்.

மேடை, கல்யாணத்துக்கு டேம்ரான் 70-200 எஃப்/2.8 ஜி2. 1500 கிராம்.

டேம்ரான் 18-400 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே லென்ஸில் எல்லாம் என்பது ஊர் சுற்ற வசதி. பறவைக்காக என்றால் வேண்டாம். இப்படிப்பட்ட நெடுவீச்சு ஜூம்கள் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது சொன்ன ஃபோகல் நீளத்தைத் தருவதில்லை. பத்தடியில் உட்கார்ந்திருக்கும் மைனா எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவே விழும்.

8. கையில் வந்த பீஸைச் சோதிப்பது

மாடல் நல்லது என்பதால் உங்கள் கைக்கு வரும் பீஸும் நல்லது என்று ஆகிவிடாது. ஒரே மாடலில் ஒன்று கச்சிதமாக இருக்கும், இன்னொன்றில் ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததில் வரும் குழப்பத்தை நீக்குவதற்காக.

முதலில் ட்ரைபாடில் பொருத்தி நடுக்கத் தடுப்பை அணையுங்கள். பல லென்ஸ்கள் ட்ரைபாடில் அதை அணைக்காவிட்டால் தாமே மெல்ல ஊசலாடும். சுவரில் நாளிதழை விரித்து ஒட்டி, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். கேமராவும் சுவரும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஓரம் மங்கலாவதற்குப் பழி லென்ஸ் மேல் விழும். எதிர்ச் சாரிக் கடையின் போர்டை எடுத்துச் சோதிக்காதீர்கள். வெயில் ஏறிய தார்ச்சாலை மேல் காற்று அலையடிக்கும். 400, 600-இல் எந்த லென்ஸும் அதில் கலங்கித்தான் தெரியும்.

கடைசி ஃபோகல் நீளத்துக்குப் போங்கள். அங்கேதான் நீங்கள் பெரும்பாலும் இருக்கப் போகிறீர்கள், இவ்வகை ஜூம்கள் பலவீனமாக இருப்பதும் அங்கேதான். லைவ் வியூவில் (பின் திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஃபோகஸ் செய்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒன்று, எஃப்/8-இல் ஒன்று எடுங்கள். இரண்டு விநாடி டைமர் வையுங்கள்.

லைவ் வியூ படம்தான் இந்த பீஸ் தரக்கூடிய உச்சம். அதுவே மங்கல் என்றால் கண்ணாடியில் குறை; அடுத்த பீஸைக் கேளுங்கள். எஃப்/8-இல் கொஞ்சம் மேம்படுவது இயல்பு. எஃப்/8-இலும் நாளிதழின் வலது ஓர எழுத்து தெளிவாகவும் இடது ஓரம் கலங்கலாகவும் இருந்தால் கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. அதை எந்த மெனுவாலும் திருத்த முடியாது.

அடுத்து வியூஃபைண்டர் வழியாக, நடுப் புள்ளியில், ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்து ஐந்து படம். இவற்றை லைவ் வியூ படத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்தும் ஒரே மாதிரி சற்று மங்கல் என்றால் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிறது. நுண்திருத்தம் உள்ள பாடி என்றால் பயமில்லை. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் திருத்தம் உதவாது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு ட்ரைபாடிலிருந்து எடுத்து, நடுக்கத் தடுப்பைப் போட்டு, 1/125-இல் பத்துப் படம் கையால் எடுங்கள். பாதிக்கு மேல் தெளிவாக இருந்தால் அது வேலை செய்கிறது.

எல்லாவற்றையும் கேமராத் திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னத் திரையில் முழுப் படமாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

ஜூம் வளையம் திரும்பும் திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் பழைய லென்ஸுக்கு எதிர்த்திசை என்றால், பறவை எழும்பும் நொடியில் கை தப்பாகத் திருப்பும். பழகிவிடும்தான், ஆனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பில், உத்தரவாத அட்டை, பெட்டி, லென்ஸ் ஆகிய எல்லாவற்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்கப்படும் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். இந்திய உத்தரவாதம் இருக்காது. மோட்டார் போனால் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

9. செகண்ட் ஹேண்ட் என்றால் கூடுதலாக

டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களைப் பலர் விற்றுவிட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போகிறார்கள். நல்ல லென்ஸ் நியாய விலைக்குக் கிடைக்கும் காலம் இது. மேலே சொன்ன சோதனையோடு இவற்றையும் பாருங்கள்.

இருட்டான அறையில் லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விரிந்தது போல் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் மூடி வைத்த பைக்குள் இருந்த லென்ஸ்களில் இது சகஜம். நாலைந்து தூசி இருந்தால் கவலைப்படாதீர்கள், படத்தில் தெரியாது.

மவுண்ட் ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தானாக நழுவுகிறதா, 150-600 என்றால் ஜூம் பூட்டு பிடிக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் வளையம் நெளிந்திருந்தால் விழுந்த லென்ஸ். மைய விலகல் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

டேம்ரான் 200-500 என்ற பழைய லென்ஸ் ஆசை காட்டும் விலையில் வரும். அதில் நடுக்கத் தடுப்பு கிடையாது. சிக்மா 150-500 ஓஎஸ் பரவாயில்லை, ஆனால் கணினியில் இணைத்துத் திருத்த முடியாது.

10. வீட்டுக்கு வந்த பிறகு

சிக்மாவின் யூஎஸ்பி டாக், டேம்ரானின் டேப்-இன் கன்சோல் ஆகிய இரண்டும் லென்ஸைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவிகள். உங்கள் மவுண்டுக்கானதைக் கேட்டு வாங்குங்கள்; கேனானுக்கானது நிக்கான் லென்ஸில் மாட்டாது. முதல் வேலை ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பது. அதற்குப் பிறகுதான் ஃபோகஸ் திருத்தம், ஏனென்றால் புதுப்பித்ததும் ஃபோகஸ் நடத்தை மாறலாம்.

பாடியில் நுண்திருத்தம் இல்லாதவர்களுக்கு இந்தக் கருவி வீண் செலவு இல்லை, அவசியம். சிக்மா ஜூம்களில் நான்கு ஃபோகல் நீளத்துக்கு நான்கு தூரம் என்று பதினாறு இடங்களில் திருத்தலாம். பதினாறையும் செய்யாதீர்கள். கடைசி ஃபோகல் நீளத்தில், நீங்கள் வழக்கமாக எடுக்கும் தூரத்தில் முதலில் சரிசெய்து ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் உண்மையிலேயே தவறு தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

ஃபோகஸ் எல்லை ஸ்விட்சைக் கவனியுங்கள். சிக்மா 150-600-இல் ‘10 மீட்டர் முதல் முடிவிலி வரை’ என்று ஒரு நிலை உண்டு. ஏரிக்கரையில் அதில் வைத்தால் ஃபோகஸ் கிட்டத்துக்கு ஓடிப்போய்த் திரும்பும் அலைச்சல் இருக்காது, வேகம் நன்றாகவே கூடும். ஆனால் பக்கத்துச் செடியில் பஞ்சுருட்டான் வந்து உட்கார்ந்தால் ஃபோகஸே விழாது. ‘லென்ஸ் கெட்டுப்போச்சு’ என்று வரும் போன்களில் கணிசமானவை இந்த ஸ்விட்ச்தான்.

95 மி.மீ யூவி ஃபில்டர் மலிவாக வாங்கிப் போடாதீர்கள். அந்த நீளத்தில் மட்டமான கண்ணாடி தெளிவை வெளிப்படையாகவே கெடுக்கும். கூடவே வரும் ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல்) நேராக மாட்டினால் இடிபடுவதிலிருந்து அதுவே காக்கும். திருப்பிப் போட்டபடியே படம் எடுப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

வண்டியிலிருந்து எடுப்பதாக இருந்தால் கெட்டித் துணியில் ஒரு பை தைத்துக் காலியாக எடுத்துப் போங்கள். போகிற ஊரில் இரண்டு கிலோ துவரம் பருப்போ அரிசியோ வாங்கி நிரப்பினால் ஜன்னல் விளிம்பில் லென்ஸ் அசையாமல் உட்காரும். வண்டி எஞ்சினை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். திரும்பும்போது பருப்பு சமையலுக்கு ஆகும்.

முதல் வாரப் படங்களைக் காலை ஒன்பது மணிக்குள் எடுங்கள். பத்துக்கு மேல் தண்ணீர் மேலும் வயல் மேலும் எழும் வெப்ப அலையில், நன்றாகத் திருத்திய லென்ஸும் மங்கலாகவே காட்டும். அதைப் பார்த்துத் திருத்த எண்ணை மறுபடி மாற்றிக் கெடுத்துக்கொள்வார்கள்.